இரண்டு கிலோ படிக்கல்

செம்மணல்விளையில் ஆளைக் கண்டுபிடிக்க முகம் வேண்டாம், காலடி போதும். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் சிவந்த தேரி மணல், ஊருக்குள் தெரு என்று சொல்வதும் அதே மணல்தான் என்பதால், காலையில் வாசல் தெளிக்க வருகிற பெண்கள் முதலில் தரையைப் பார்த்து, பால்காரன் போய்விட்டான், வாத்தியார் இன்னும் கிளம்பவில்லை, கீழவீட்டுக்காரருக்கு இன்றைக்கும் இடது கால் இழுக்கிறது, யாரோ ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்திருக்கிறாள், குதிகால் இந்த அழுத்து அழுத்தியிருக்கிறதே என்று எல்லாச் செய்தியையும் படித்துவிட்டுத்தான் வாளியைக் கீழே வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரின் மண், ஆனி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, எடைக்கார மாசானத்தின் மகள் பூரணியை மறந்துபோனது.

பூரணிக்கு அப்போது ஆறாம் மாதம். புருஷன் பம்பாயில் மளிகைக்கடை வேலையில் இருந்ததாலும், வாந்தி நிற்காததாலும், ஐந்தாம் மாதமே தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள். அன்றைக்கு சுகாதார நிலையத்தில் எடை பார்த்துவிட்டு, அப்பா மாசானமும் அம்மா பிச்சம்மாளும் கூட வர, பனைகளுக்கு நடுவே தேரி வழியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பிச்சம்மாள்தான் முதலில் கண்டாள். மூன்று பேர் நடந்த மண்ணில் இரண்டு பேர் காலடிதான் கிடந்தது.

"இங்க பாருங்க, புள்ளைக்குக் காலடி விழல."

மாசானம் திரும்பிப் பார்த்தார். பனையில் ஒரு ஓலை அசையவில்லை.

"காத்துல மூடியிருக்கும்," என்றார்.

"எனக்கு விழுந்தது மூடல. உங்களுக்கு விழுந்தது மூடல. உங்களது இன்னிக்கு ஒரு சாண் ஆழத்துக்கு விழுந்து கெடக்கு."

அவர் நடந்தார். செருப்பு மணலுக்குள் கணுக்கால் வரை போய்ப் போய் வந்தது. வயசு என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வாரம் ஊர் வந்து வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் பழகிக்கொண்டது. கோழிகள் அவள் வருவதற்கு விலகவில்லை, அவள்தான் கோழிகளைத் தாண்டி நடந்தாள். எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற செந்தூர்க்கனி வீட்டு நாய் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தால் கயிறு தொய்யவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து உந்தினால் ஊஞ்சல் ஆடவில்லை. அவள் பறக்கவுமில்லை, மிதக்கவுமில்லை, எல்லாப் பெண்களையும் போலத் தரையில் நடந்தாள், தண்ணீர் எடுத்தாள், முருங்கைக்கீரை உருவினாள்; தரைக்குத்தான் அவள் வந்துபோவது தெரியவில்லை. பின்னால் வந்து நின்றால் யாருக்கும் தெரிவதில்லை, திடுக்கிட வேண்டியிருக்கிறது என்பதால், பக்கத்து வீட்டு செந்தூர்க்கனி இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்து அவள் கையில் ஏற்றிவிட்டு, "ஏட்டி, வாரப்ப கிலுக்கிக்கிட்டு வா. நேத்து அடுப்புக்கிட்ட உன்னைப் பாத்து எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு," என்றாள். மினிபஸ்ஸில் இருக்கை அமுங்காததைப் பார்த்து காலி இடம் என்று நினைத்து இரண்டு பேர் அவள் மடியிலேயே உட்காரப் போனதால், கண்டக்டர் அவள் ஏறியதும் தன் சிவப்புத் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டுவிடுவார், இறங்கும்போது வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான், ஊர் அதற்குமேல் அலட்டிக்கொள்ளவில்லை.

வெளியூர்ப் பெண்கள்தான் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் என்ன வியாதி என்று கேட்கவில்லை. "என்ன சாப்பிடுதா?" என்று கேட்டார்கள். பிச்சம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு பிடிச் சோறு," என்பாள். அவர்கள் அந்த ஒரு பிடியை மந்திரம் மாதிரி மனத்துக்குள் முடிந்துகொண்டு போனார்கள். மகனுக்குப் பெண் தேடுகிற ஒருத்தி பூரணியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட்டுக்கொண்டும் இடம் மிச்சமிருந்ததில் சொக்கிப்போய், "கொடியேதான்," என்றாள். மாசானம் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி மனசில் பெருமையாகத்தான் இருந்தது. மீதிப் பாதியை அவர் தொடவில்லை.

தொட வைத்தது ஒரு இலை. செந்தூர்க்கனியின் மகன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று பந்தி நடந்தது. மாசானம் யார் வீட்டுப் பந்தியிலும் உட்காருவதில்லை, மொய் எழுதிவிட்டு வாசலில் நின்றுகொள்வார். பூரணி உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடக்கவேண்டும். நிறைந்தது, இந்த வீட்டுக்கு இன்னும் வருவேன் என்று அதற்குப் பொருள். எதிர்ப்பக்கமாக மடக்குவது சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும். பூரணி கொஞ்சமாகச் சாப்பிட்டாள், இலையைத் தன் பக்கமாக மடக்கினாள், கையை எடுத்தாள். இலை மெதுவாக எழுந்து திறந்துகொண்டது. மறுபடி மடக்கி உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். கையில் கனம் இல்லாததால் கைக்குக் கீழேயே இலை நிமிர்ந்தது.

"இன்னும் சாப்பிடச் சொல்லுது இலை," என்று யாரோ சொல்ல, பந்தி முழுதும் சிரித்தது.

பூரணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்றாவது முறை மடக்கினாள், அது திறந்துகொண்டது, தலையைக் குனிந்துகொண்டு எழுந்துபோனாள். வாசலில் நின்ற மாசானத்துக்கு அந்தச் சிரிப்பு எங்கே கேட்ட சிரிப்பு என்று நன்றாகத் தெரியும். இருபத்தேழு வருஷமாகக் காதுக்குள் அதை வைத்துக்கொண்டிருக்கிறவர் அவர்.

அவருடைய அண்ணன் ஆவுடையப்பன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர், யானைக்கன்று மாதிரி உடம்பு. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அண்ணனே பாயச வாளியோடு பந்தியில் வந்தார். மாசானம் பாயசத்துக்குப் பிரியப்பட்டவர், இன்னொரு கரண்டி என்று இலையைக் காட்டினார். அண்ணன் வாளியைச் சாய்க்காமலே, "உனக்கு ஊத்தி என்னல, எந்த ஓட்டை வழியாவது ஒழுகிரும், உடம்புலயா ஒட்டப்போவுது," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சம்பந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாசானம் அந்தக் காதுகுத்து வீட்டில், அத்தனை பேர் பார்க்க, இலையை எதிர்ப்பக்கமாக மடக்கிவைத்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து வடக்குத் தெருவிலிருக்கிற அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

போகாதது மட்டும் போதவில்லை அவருக்கு. அண்ணன் உடம்பு எதனால் ஆனதோ அது தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார். வயிறு நிறைவதற்கு இரண்டு பிடி முன்னால் கையைக் கழுவவேண்டும், தட்டில் மறுசோறு கிடையாது. வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை, குதிர் நிறைய இருந்தது. அதற்குப் பிறகு பிறந்த பூரணிக்கு மறுசோறு என்ற வார்த்தையே தாய்வீட்டில் தெரியாது. பதினைந்து வயதில் ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை, தெருமுனையில் போன மாசானம் கண்டார். வீட்டுக்குள் ஏறவில்லை, முற்றத்திலிருந்து தட்டைப் பிடுங்கிக் கோழிகளுக்கு வீசிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் அழவில்லை. வாயில் இருந்த உருண்டையை வீடு வரும் வரை விழுங்காமலே வந்தாள். அதன்பிறகு அவளாகவே ஒரு பிடியில் நிறுத்திக்கொண்டாள், அவர் அதைப் பார்த்து, நம்ம வளர்ப்பு என்றார். அண்ணனைப் பற்றி டீக்கடையில் பேச்சு வந்தால், "அரிசி மூட்டை எப்ப அவுந்து விழும்னு தெரியல, சுகர் ஒரு பக்கம் இழுக்கு, பிரஷர் ஒரு பக்கம் இழுக்கு," என்பார். அண்ணன் சாவுக்குப் போய் நின்று, பார்த்தீர்களா என்று ஊரைக் கேட்பதற்காகவே அவர் உடம்பை ஒடிசலாக வைத்திருந்தார்.

நாற்பது வருஷம் முருங்கைக்காய் மண்டியில் எடை போட்டவர் மாசானம். சாக்கைத் தூக்கிப் பார்க்கவேண்டியதில்லை, தூரத்தில் தலைச்சுமையாக வரும்போதே கழுத்து அமுங்குவதைப் பார்த்து இருபத்தெட்டரை என்பார், தராசு இருபத்தெட்டரை காட்டும். சாக்குக்குள் ஈர மணலோ கல்லோ வைத்து எடை கூட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. லிங்கபாண்டி என்ற ஒருத்தன் அப்படி மணல் வைத்தபோது, சந்தையே பார்க்க அந்த மணலை அவன் தலையில் கொட்டி அனுப்பினார். ஆளையும் பார்த்தே எடை சொல்லுவார். மகள் முப்பத்தெட்டு என்பது, ஐந்தாம் மாதம் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அவருக்குத் தெரியும். சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஜெபராணி நிறுத்துப் பார்த்துவிட்டு முப்பத்தெட்டு என்று சொன்னபோது, தன் கண் தப்பவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்.

"மாசமா இருக்கிற பொண்ணுக்கு இது எடையே இல்லை ஐயா," என்றாள் ஜெபராணி. "அடுத்த மாசம் வாரப்ப ரெண்டு கிலோவாவது கூடியிருக்கணும். உங்க அண்ணாச்சி ஊருக்கே சமைக்காங்க. மூணு மாசம் அங்க கொண்டு விடுங்களேன்."

அவர் அங்கே கொண்டுபோய் விடவில்லை. வீட்டில் நெய்யும் பருப்பும் வாங்கிப் போட்டார். ஒரு பிடியிலேயே நின்று பழகிய வயிறு இரண்டாவது பிடியை வெளியே தள்ளியது. மாதம் முடிந்தது. அந்த ஆனி மாத வெள்ளிக்கிழமை காலையில், சுகாதார நிலையத்துக்குப் பின்னால் உடைமர நிழலில் நிறுத்தி, மண்டித் தராசிலிருந்து கொண்டுவந்த இரண்டு கிலோ படிக்கல்லைத் துணியில் சுற்றி மகள் இடுப்பில், சேலைக்கு உள்ளே, பிச்சம்மாளைக் கட்டச் சொன்னார்.

"வேண்டாம்ப்பா," என்றாள் பூரணி.

"இந்த ஒரு தடவைதான். அடுத்த மாசம் நிசமாவே கூடிரும்."

முள் நாற்பதில் நின்றது. ஜெபராணி சந்தோஷப்பட்டு அட்டையில் எழுதினாள். வெளியே வந்து, அதே நிழலில், கல்லை அவிழ்த்து அவர் தன் மடியில் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் பத்தடி நடப்பதற்குள் பிச்சம்மாள் கூப்பிட்டது.

இலை திறந்துகொண்ட நாளுக்கு மறுநாள், சிவனணைந்தான் டீக்கடையில் மாசானம் உட்கார்ந்த பெஞ்சு இரண்டாக ஒடிந்தது. "பெஞ்சு பழசு அண்ணாச்சி," என்றார் கடைக்காரர். அடுத்த நாள் ஒடிந்தது புதுப் பெஞ்சு. மண்டியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் தராசு மேடையில் ஏறி நின்றார். நாற்பது வருஷமாக நாற்பத்தாறு கிலோவில் இருந்தவருக்கு எண்பத்துநாலு காட்டியது. கழித்துப் பார்க்க அவருக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. முப்பத்தெட்டு.

அதோடு நின்றிருந்தால் மகளின் எடையைச் சுமக்கிறோம் என்று ஆறுதல்பட்டிருப்பார். நிற்கவில்லை. தொண்ணூறு ஆனது, நூறு ஆனது, ஆடி பிறக்கும்போது நூற்றுப்பதினைந்து. ஆள் அதே ஆள்தான், விலா எலும்பை எண்ணலாம், வேட்டி இடுப்பில் நிற்காது. நடந்தால் மட்டும் முழங்கால் வரை மணல் விழுங்கியது. சட்டம் போட்டு நிறுத்திய ஒவ்வொரு பிடியும் எங்கேயோ காத்திருந்துவிட்டு இப்போது தன்மேல் வந்து உட்காருவதாக அவருக்குத் தோன்றியது. பிச்சம்மாள் அதைச் சொல்லவே செய்தாள். "என்னோடதும் கொஞ்சம் இருக்கும் அதுல. பாத்து நடங்க."

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. மினிபஸ்ஸில் அவர் ஏறினால் மற்ற எல்லோரும் எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்தார்கள். கிணற்றடிப் பலகையில் அவர் ஏறவேண்டாம் என்று பெண்கள் மரியாதையாகச் சொன்னார்கள். சிவனணைந்தான் கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து போட்டார். ஆவுடையப்பன் தனக்கென்று வைரம் பாய்ந்த பனங்கட்டையில் செய்து அந்தக் கடையில் போட்டிருந்த நாற்காலி அது. அது நாற்காலியா தொழுவமா என்று அதே கடையில் நின்று கேட்டவர் மாசானம்.

"அவுக சாயங்காலம்தான் வருவாக அண்ணாச்சி. அதுவரைக்கும் நீங்க இருங்க," என்றார் சிவனணைந்தான். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

ஆடி மாதம் எடை பார்க்கும் நாளில் மாசானம் மகளை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் ஜெபராணியே எடைமெஷினை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. பூரணி மெஷினில் ஏறினாள். முள் அசையவில்லை. ஜெபராணி குனிந்து தட்டிப் பார்த்தாள், தான் ஏறி நின்று பார்த்தாள், அறுபத்துமூன்று காட்டியது, இறங்கினாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, பூரணியின் கண்ணிமையைக் கீழே இழுத்தாள். உள்ளே வெளுத்த துணி மாதிரி இருந்தது. வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு அட்டையைத் திருப்பினாள். "அஞ்சாம் மாசம் முப்பத்தெட்டு. ஆறாம் மாசம் நாப்பது. இது எப்படி வந்துச்சு?"

பூரணி சொன்னாள்: "அன்னைக்குக் கட்டியிருந்த சேலை கனம் சிஸ்டர்."

அந்தப் பொய்யை அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கூட்டத்தின் ஓரத்தில் லிங்கபாண்டி நின்றுகொண்டிருந்தான், தலையெல்லாம் நரைத்துவிட்டது அவனுக்கு.

"சேலை இல்ல," என்றார் மாசானம். "நான் ரெண்டு கிலோ படிக்கல்லைக் கட்டிவிட்டேன்."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. லிங்கபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூரையில் எதையோ பார்க்கிற மாதிரி நின்றான். அந்த மணல் அத்தனையும் தன் தலையில் திரும்ப வந்து விழுந்த மாதிரி இருந்தது மாசானத்துக்கு.

ஜெபராணி சத்தம் போடவில்லை. "உங்க அண்ணாச்சிக்கு பிரஷர் இருக்கு, சுகர் இருக்கு, முழங்கால் தேஞ்சு போச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா ஊரே அவரைப் பயமுறுத்திப் பயமுறுத்தி எங்கிட்ட அனுப்பிருச்சு. மாசாமாசம் வாராரு, மாத்திரை போடுதாரு, காலையில ரெண்டு மைல் நடக்காரு. உங்க வீட்டுல இருந்து இத்தனை வருசத்துல யாரு வந்தீங்க? ஒல்லியா இருந்தா நோய் வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? இவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே மாசம் தவறித் தவறித்தான் வந்திருக்கு, முடி கொட்டியிருக்கு, ஒரு சளி வந்தா ஒரு மாசம் கெடந்திருக்கா. அதையெல்லாம் கொடின்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க. இப்ப ரத்தம் பாதிதான் இருக்கு. பிள்ளை வளரல. இப்படியே போனா பிரசவத்துல ரெண்டு உசுருல ஒண்ணு போகுமோ ரெண்டும் போகுமோ எனக்குச் சொல்லத் தெரியாது."

"என்ன செய்யணும்?"

"ஒரேயடியா திணிச்சா வாந்திதான் எடுப்பா. கொஞ்சங் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஆறு வேளை. நாக்குக்குப் புடிச்சதா. அவளுக்கு என்ன புடிக்கும்?"

மாசானத்துக்குத் தெரியவில்லை. பிச்சம்மாள்தான் சொன்னாள்: "உளுந்தஞ்சோறு."

மறுநாள் விடிந்ததும் அவர் வடக்குத் தெருவுக்குக் கிளம்பினார். மூன்று தெரு தள்ளி இருக்கிற வீடு, வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடலாம். அவருக்கு அந்த ஒரு காலைப்பொழுது பூராவும் ஆனது. முதல் தெருவில் முழங்கால் வரை புதைந்தார், இரண்டாவது தெருவில் தொடை வரை. ஒவ்வொரு காலாக உருவி உருவி வைத்து நடந்தார். பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வழிவிட்டார்கள். யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் கிடந்த குழிகளே அதைச் சொல்லின. அண்ணன் வீட்டு முற்றத்துக்குப் பத்தடி முன்னால் இடுப்பு வரை போனார், அதற்குமேல் நகர முடியவில்லை.

ஆவுடையப்பன் முற்றத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மணையிலிருந்து நிமிராமலே பார்த்தார்.

"என்னல. வடக்குத் தெரு இருபத்தேழு வருசத் தூரமா?"

"மண்ணு பொதியுது அண்ணாச்சி."

"பொதியும். நான் பொதியப் பொதியத்தான் நடக்கேன். ஒரு பய கை கொடுக்கல, சிரிச்சானுவ. நீ எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்ச. டீக்கடையில சிரிச்சா எனக்கு இங்க கேக்கும்."

"ஆமா," என்றார் மாசானம்.

"நான் எப்பச் சாவேன்னு கேட்டுக்கிட்டே இருந்தியாமே."

"ஆமா."

ஆவுடையப்பன் அரிந்த காயைத் தண்ணீரில் தள்ளினார். தம்பி ஏதாவது மறுத்துச் சொல்வான், அதற்குப் பதில் சொல்லலாம் என்று நிறையத் தயாராக வைத்திருந்தவருக்கு, அந்த இரண்டு ஆமாவுக்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை.

"பூரணிக்குச் சோறு வேணும் அண்ணாச்சி. உளுந்தஞ்சோறு. எங்க வீட்டுல யாருக்கும் அதை ஆக்கத் தெரியாது. நான் அதை வீட்டுல ஏத்தல."

ஆவுடையப்பன் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. ஒரு விளிம்பு நசுங்கிய தட்டு.

"நீ வீசின தட்டு. கெணத்து விளிம்புல பட்டு நெளிஞ்சுது. இதுல யாருக்கும் போடக்கூடாதுன்னு வச்சிருக்கேன்." தட்டைக் கீழே வைத்தார். "இன்னொண்ணும் கேளு. அன்னைக்குக் காதுகுத்துல வாளியில பாயசம் இல்ல. நான் அளவு தப்புனது அந்த ஒரு தடவைதான். உங்கிட்ட வாரப்ப அடி தெரிஞ்சிருச்சு. சம்பந்தக்காரன் பாக்கான், சமையக்காரன் வீட்டுப் பந்தியில பாயசம் தீந்துபோச்சுன்னு சொல்ல நாக்கு வரல. உன் உடம்பைச் சொல்லித் தப்பிச்சிட்டேன்."

மாசானம் வெறும் வாளியை நினைத்துப் பார்த்தார். இருபத்தேழு வருஷத்தையும் மகளின் ஒவ்வொரு பிடியையும் எடுத்து அதற்குள் போட்டிருக்கிறார். அண்ணன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை, மண்ணுக்குள் இன்னும் நாலு விரல் இறங்கினார்.

நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவரை வெளியே எடுக்க முடியவில்லை. ஆவுடையப்பன் தேய்ந்த முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கிக் கல் பதித்த இடத்தில் வைத்தார். கனத்தோடு பழகின உடம்பு அது. "நல்ல கனம்தாம்ல," என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

பூரணி அன்றைக்கே பெரியப்பா வீட்டுக்கு வந்தாள். நெளிந்த தட்டில் ஒரு நாளைக்கு ஆறு தடவை. முதல் நாள் ஒரு பிடி நின்றது, நாலாம் நாள் ஒன்றரை. ஜெபராணி கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, முட்டை. ஆவுடையப்பன் அவளுக்குப் போட்டுவிட்டுத் தான் பாதி வயிற்றோடு எழுந்துகொள்வார், அது நர்ஸ் அவருக்குப் போட்ட சட்டம். ஆவணி பூராவும் கட்டில் கயிறு தொய்யவில்லை. முள் அசையவில்லை. கன்னத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் வந்தது.

புரட்டாசி கடைசியில், நாள் ஆகும் முன்னமே வலி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. ஒரு கிலோ தொள்ளாயிரம். மெஷினில் முள் அசைந்தபோது பிச்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். பூரணிக்கு ரத்தம் ஏற்றினார்கள், இரண்டு பாட்டில். மூன்று நாள் அவள் கண் திறந்து திறந்து மூடினாள். ஆஸ்பத்திரி மெத்தை அவளுக்குக் கீழே குழியவேயில்லை. "எடைக்காரரே, பேத்தி எம்புட்டு இருப்பா, பாத்துச் சொல்லும்," என்று ஊர்க்காரர் ஒருவர் பிரியமாகக் கேட்டபோது மாசானம், "நிறுத்தவங்ககிட்டக் கேளுங்க," என்றார்.

நாற்பத்தோராம் நாள் ஆவுடையப்பன் ஊருக்கே பந்தி போட்டார். கல் பாவிய முற்றத்தில் இலை விரித்தார்கள். மாசானம் சுவரோரம், இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு, தரையில் உட்கார்ந்தார். அவருக்குக் கீழே ஒரு கல் மெதுவாக விரிசல் விட்டது, யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எதிர்வரிசையில் பூரணி, மடியில் குழந்தை. சோறு வந்தது, சாம்பார் வந்தது, மறுசோறு வந்தது. பூரணி மறுசோறு வாங்கினாள். பிறகு ஆவுடையப்பன் பாயச வாளியோடு வந்து தம்பி முன்னால் நின்று, வாளியைச் சாய்த்து உள்ளே காட்டினார். விளிம்பு வரை இருந்தது. இலையில் ஊற்றினார். மாசானம் வழித்து உண்டார். இரண்டாவது முறையும் வந்து ஊற்றினார். அவர் அதையும் வழித்து உண்டார்.

அப்போது பூரணி குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இலையைத் தன் பக்கமாக மடக்கினாள். பந்தி முழுதும் சாப்பிடுகிற மாதிரியே இருந்துகொண்டு சாப்பிடுவதை நிறுத்தியது. அவள் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள், கையை எடுத்தாள். இலை மடங்கியபடி கிடந்தது. அவள் எழுந்து, கை கழுவ முற்றத்தைத் தாண்டி மணலில் இறங்கினாள்.

வளையலைக் கிலுக்க வேண்டியிருக்கவில்லை. சிவந்த மணல் ஒரு காலுக்கு அடியில் நொறுங்கி அமிழ்கிற சத்தம், பிறகு அடுத்த காலுக்கு. செந்தூர்க்கனி வீட்டு நாய் எழுந்து அவளைப் பார்த்துக் குரைத்தது. எல்லாத் தலைகளும் தரையைப் பார்க்க எட்டின. மாசானத்தின் தலை மட்டும் நிமிரவில்லை. அந்தச் சத்தத்திலிருந்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. அது கணக்குப் போட எழுந்ததை அவர் உட்கார வைத்தார். மடக்காத இலைக்கு முன்னால், தன் கனம் அத்தனையும் தன்மேலேயே இருக்க, குனிந்தபடி இருந்தார். போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வராததைப் பார்த்து, அண்ணன் மூன்றாவது முறையும் வாளியோடு வந்து நின்றார்.